காலருக்குப் பின்னால் ஒரு வில்லன்

ஒருவனுக்கு ஜுரம் வந்தால் நாலு பேர் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அரிப்பு வந்தால் அதே நாலு பேர் நாலடி தள்ளி உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வைத்தியமும் சொல்வார்கள். காசு வாங்காத டாக்டர்கள் இந்த நாட்டில் அதிகம் இருப்பது தோல் வியாதிக்குத்தான்.

அமெரிக்காக்காரர்களுக்குப் ‘பாய்ஸன் ஐவி’ என்று ஒரு கொடி உண்டு. காட்டுப்பக்கம் பிக்னிக் போனவன் தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் இரண்டு நாளில் கை, கால், முகமெல்லாம் சிவந்து, வரிவரியாகக் கொப்புளம் கண்டு, மூன்று வாரத்துக்கு ஆபீஸ் லீவு. மூன்று மூன்று இலையாகக் கூடி நிற்கிற கொடியைத் தொடாதே என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ராயபுரத்தில் கொடி என்றால் துணி காயப்போடுகிற கொடிதான். ஆனால் 1994-ல் அந்தக் கொடி வழியாகவே பாய்ஸன் ஐவியின் பங்காளி ஒருத்தன் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அப்போது ராயபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். எல்லோருக்கும் துறைமுகத்தைச் சுற்றியே உத்தியோகம். அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். பண்ருட்டி, பாலக்காடு, சாத்தூர், அப்புறம் அருப்புக்கோட்டையாகிய நான். இதில் பண்ருட்டிக்குக் கல்யாண யோகம் வந்தது. தாம்பரத்தில் பெண். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அதற்காகவே இரண்டு புதுச் சட்டை, ஒரு பேன்ட் எடுத்தான். கடை மடிப்பு வேண்டாம், நன்றாகக் கஞ்சி போட்டு வரட்டும் என்று சலவைக்குப் போட்டான். வந்ததும் ஆசையை அடக்க முடியாமல் ஒரு சட்டையையும் பேன்ட்டையும் இரண்டு நாள் ஆபீசுக்குப் போட்டுப் பார்த்தும் விட்டான்.

மூன்றாம் நாள் காலையில் பின்கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. சாயங்காலம் அது உள்ளங்கை அகலம். மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளம், நீர்க்கசிவு. இடுப்பில் வலது பக்கம் அதே மாதிரி இன்னொன்று. அடுத்த நாள் கண் இமை இரண்டும் வீங்கி, கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவனே “யார் சார் வேணும்?” என்று கேட்கிற நிலைமை.

வைத்தியர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க் டூத்பேஸ்ட் தடவச் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா வேப்பிலையும் மஞ்சளும். சாத்தூர், விபூதி. பாலக்காட்டானுக்கு அவன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ‘சேரு’ என்று ஒரு மரம் உண்டாம். அது பட்டு உடம்பு தடித்தால் தான்றி மரத்தை வலம் வந்தால் சரியாகுமாம். “இதைப் பார்த்தால் அது மாதிரியே இருக்கு” என்றான். ராயபுரத்தில் தான்றி மரத்துக்கு எங்கே போவது? தெரு முனையில் இருந்தது ஒரு லாம்ப் போஸ்ட். அதை வலம் வரத் தயார் என்றான் பண்ருட்டி. (சிரிக்காதீர்கள். நாங்கள் கேட்ட அத்தனை யோசனையிலும் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போனது அதுதான். அது பின்னால்தான் தெரிந்தது.)

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். “எல்லாத்துக்கும் கேக்கும் சார்” என்றார் கடைக்காரர். அது எதையும் கேட்கவில்லை.

வேடிக்கைக்குள் வேதனை ஆரம்பித்தது கீழே வீட்டு ஓனர் அம்மாவிடம். முதலில் அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை இல்லை என்று தெரிந்ததும் வேப்பிலையை எடுத்துவிட்டு, அதைவிட மோசமாக, குழாயடிக்கு எங்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள். தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஒரே நச்சரிப்பு. ஆபீசில் டிபன் பாக்ஸ் திறக்கிற மேஜையில் பண்ருட்டிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை ஒரு காலில் நின்று போகிற கூட்டத்தில் அவனுக்கு மட்டும் முழு சீட் கிடைத்தது. முதல் நாள் அதைப் பெருமையாகச் சொன்னான். இரண்டாம் நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நடந்தே போகிறேன் என்று கிளம்பினான். நாலாம் நாள் சாத்தூரும் நானும் ஆளுக்கு அரை நாள் லீவு போட்டு அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

தோல் பிரிவில் வயதான ஒரு டாக்டரம்மா. கூட்டமோ கூட்டம். எங்கள் முறை வந்ததும் அவர் பண்ருட்டியின் முகத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். “சட்டையைக் கழட்டு” என்றார். கழட்டியதும் மறுபடியும் கழுத்தைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் சட்டையை வாங்கிப் பார்த்தார்! காலரின் உள்பக்கம் மூன்று புள்ளி, ஒரு கோடு. கன்னங்கரேல் என்று டோபி மார்க். பேன்ட்டின் இடுப்புப் பட்டையில், வலது பக்கம், அதே மூன்று புள்ளி, ஒரு கோடு.

“எந்த ஊருப்பா?”

“பண்ருட்டி டாக்டர்.”

“முந்திரிக்கொட்டை சுட்டுத் தின்னிருக்கியா?”

“சின்ன வயசுல தினம் அதான் வேலை டாக்டர். ஒரு தடவை அதோட பால் பட்டுக் கை வெந்து ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகலை.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டார். அடுத்த கால் மணி நேரம் பண்ருட்டி ஒரு பாடப் புத்தகமாக நின்றான். அன்றைக்கு ஓரமாக நின்று கேட்டதையும், பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சலவைக் குறி போடுகிற மை சேராங்கொட்டையிலிருந்து வருகிறது. காய்ந்த கொட்டையைக் குண்டூசியால் குத்தி, முனையில் ஒட்டுகிற பிசுபிசுப்பை எடுத்துத் துணியில் புள்ளி வைப்பார்கள். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு. கறுத்துப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், தண்ணீரில் போகாது, சோடாவில் போகாது, வெள்ளாவியில் போகாது. துணி கிழிந்தாலும் குறி கிழியாது. இங்கிலீஷில் இதற்கு ‘மார்க்கிங் நட்’ என்றே பெயர்.

இந்தச் சேராங்கொட்டை மா மரத்தின் குடும்பம். அதே குடும்பத்தில்தான் முந்திரி, பிஸ்தா. பாலக்காட்டான் சொன்ன சேரு மரமும் அதே வம்சம். ஜப்பான்காரர்கள் மரப்பெட்டிக்குப் பளபளப்பு ஏற்றப் பால் எடுக்கிற அரக்கு மரமும் அதே வம்சம். அமெரிக்காவின் பாய்ஸன் ஐவியும் அதே வம்சம்! ஜப்பானியர் தங்கள் அரக்குக்கு வைத்த பெயர் ‘உருஷி’. அதை வைத்தே பாய்ஸன் ஐவியின் எண்ணெய்க்கு ‘உருஷியால்’ என்று பெயர் வந்தது. சேராங்கொட்டையில் இருப்பதும், முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற கறுப்பு எண்ணெயில் இருப்பதும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். தமிழ்க் குடும்பங்களில் மட்டுமா மூக்கை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறோம்? நம் உடம்பும் அப்படித்தான். ஒருவனை எதிரி என்று முடிவு கட்டிவிட்டால் அவன் சித்தப்பா பிள்ளை வந்தாலும் அடிக்கிறது. பண்ருட்டியின் உடம்பு பத்து வயதில் முந்திரிப் பாலிடம் போட்ட சண்டையை இருபத்தாறு வயதில் சேராங்கொட்டையிடம் தொடர்ந்தது. அதே டோபி, அதே மை, அதே குறி எங்கள் மூன்று பேர் காலரிலும்தான் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடம்பின் போலீஸ் வருகிற நேரத்தையும் சொல்ல வேண்டும். அது நம் சினிமா போலீஸ் மாதிரி. முதல் தடவை எதிரியைப் பார்க்கும்போது ஃபைல் தயார் செய்யவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடுத்த தடவை பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். ஆனாலும் லேட்தான். அதனால்தான் இன்று தடித்தால் இன்று சாப்பிட்ட கத்திரிக்காயைச் சந்தேகப்படுகிறோம். முந்தாநாள் எதைத் தொட்டோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

டாக்டரம்மா இன்னொரு கதையும் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க சிப்பாய்களுக்குப் பின்கழுத்திலும் இடுப்பிலும் இதே புண். பாய்ஸன் ஐவி இல்லாத தேசத்தில் பாய்ஸன் ஐவி புண்ணா என்று ராணுவ டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சலவைக் குறியைக் கண்டுபிடித்தார்கள். 1943-ல் அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் பத்திரிகையில் ‘டோபி மார்க் டெர்மடைடிஸ்’ என்றே தலைப்புப் போட்டு எழுதிவிட்டார்கள். ஊரில் பாய்ஸன் ஐவியோடு பழக்கப்பட்ட உடம்புகள். இங்கே வந்து அதன் பங்காளியிடம் மாட்டிக்கொண்டன.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. வெள்ளைக்காரர்கள் ‘டோபி இட்ச்’ என்று சொன்னது இதை அல்ல, தொடை இடுக்கில் வருகிற படர்தாமரையை. அது காளான் கிருமி. அதற்கும் சலவைக்காரரையே குற்றம் சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். டோபி மார்க் புண்ணுக்கு ஸ்டீராய்டு களிம்புதான் மருந்து. அதையே படர்தாமரைக்குப் போட்டால் இரண்டு நாள் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பிறகு இடுப்பைச் சுற்றி மேப் வரையும். மெடிக்கல் ஷாப்பில் ‘எல்லாத்துக்கும் கேக்கும்’ என்று கொடுக்கிற மூன்று மருந்துக் கூட்டணி ட்யூபின் கதை இதுதான். 2018-ல் மத்திய அரசு பதினாலு வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் டில்லியில் இருக்கிறது. ட்யூப் தெருமுனையில் இருக்கிறது.

பண்ருட்டிக்குக் கண் வரை வந்துவிட்டதால் மாத்திரை. பெரிய டோஸில் ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு மேல். “அஞ்சாம் நாள் பளிச்னு ஆயிடும். ஆயிடுச்சுன்னு நிறுத்தினா மறுபடி வரும். அப்ப என்னைப் பாக்க வராதே” என்றார். மேலுக்குக் கேலமைன் லோஷன். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிஷம் போட்டு எடுக்க வேண்டும். ராத்திரி தூங்க ஓர் அலர்ஜி மாத்திரை. அது புண்ணை ஆற்றாது, சொறிகிற கையைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். வெந்நீர் கூடாது. சுடச்சுட ஊற்றினால் அந்த நிமிஷம் சொர்க்கம், அடுத்த மணி நரகம். மரத்துப் போகிற களிம்பு, நியோமைஸின் களிம்பு இதெல்லாம் சில பேருக்குத் தாங்களே புது அலர்ஜியைக் கொண்டுவரும். டூத்பேஸ்ட்டைப் பல்லுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று சொன்னார். கொப்புளத்து நீரில் விஷம் கிடையாது. அது உடம்பிலிருந்து வருகிற வெறும் நீர். அதைத் தொட்டால் யாருக்கும் ஒட்டாது, அவன் உடம்பிலேயே இன்னொரு இடத்துக்கும் பரவாது. பரவுகிற மாதிரி தெரிவதற்குக் காரணம் வேறு. தோல் மெலிந்த இடத்தில் சீக்கிரம் தெரியும், தடித்த இடத்தில் தாமதமாகத் தெரியும். இல்லையென்றால் விரலிலும் நக இடுக்கிலும் ஒட்டியிருக்கிற எண்ணெய் போய்ச் சேர்ந்திருக்கும். பண்ருட்டி புதுச் சட்டைக் குறியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கியிருக்கிறான். ஆக, எண்ணெய் ஒட்டும், புண் ஒட்டாது. “இதை அந்த ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு எழுதித் தர முடியுமா டாக்டர்?” என்று சாத்தூர் கேட்டான். கேலியாக நினைக்காமல் சீட்டின் பின்பக்கம் ‘தொற்று நோய் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டு பிறகு எங்கெல்லாம் போயிற்று என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

எண்ணெய் பட்டது தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கழுவுவது. உடனே. முதல் பத்து நிமிஷத்துக்குள் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவினால் பாதியாவது போகும். அரை மணி கழித்துக் கழுவினால் தோலுக்குள் இறங்கியது இறங்கியதுதான். நக இடுக்கு, வாட்ச் ஸ்ட்ராப், செருப்பு வார், எல்லாம் சேர்த்துக் கழுவ வேண்டும். துணியில் பட்டால் அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். குறி போட்ட துணியைத் துவைத்துப் பயன் இல்லை, அது துவைத்தாலும் போகக் கூடாது என்றே கண்டுபிடித்த மை. வெட்டி எடுக்க வேண்டும், அல்லது அந்தச் சட்டையைத் தானம் செய்ய வேண்டும். வாங்குகிறவர் முந்திரிக்காட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது. எரிப்பது வேண்டவே வேண்டாம். பாய்ஸன் ஐவியைக் குப்பையோடு கொளுத்தி, புகையை இழுத்து, நெஞ்சுக்குள் புண் வாங்கியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சித்த மருந்தில் சேராங்கொட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சுத்தி செய்து, முறைப்படி சேர்ப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கொட்டையை வாங்கி வீட்டில் இடித்துப் பார்க்கிற சமாசாரம் அல்ல அது.

இன்றைக்கு மார்க்கர் பேனாவும் துணிச் சீட்டும் வந்து சேராங்கொட்டைக் குறி பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் வடசென்னைக்கு வில்லன் பஞ்சமா? எண்ணூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலி மனைகளிலும் தண்டவாள ஓரத்திலும் கேரட் இலை மாதிரி இலையோடு, வெள்ளைப் பொட்டுப் பூவோடு நிற்கிறதே, பார்த்தீனியம், அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. 1950-களின் நடுவில் பூனாவில் முதலில் கவனித்தார்கள். கப்பலில் வந்த கோதுமையோடு சேர்ந்து வந்தது என்பது பரவலான பேச்சு. இது வேறு குடும்பம், வேறு விஷம், ஆனால் செய்கிற வேலை அதே வேலை. தொடக்கூட வேண்டாம். காய்ந்த தூள் காற்றில் வந்து முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று சட்டை மூடாத இடமாகப் பார்த்து உட்காரும். வருஷா வருஷம் வந்து, முகம் கறுத்துத் தடித்து, வெளியே வரவே வெட்கப்படுகிற ஆட்கள் உண்டு. பூப்பதற்கு முன்னால், ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர் பிடுங்கவே போகக் கூடாது.

திருவொற்றியூர்ப் பட்டறைக்காரர்களுக்கு இன்னும் வேறு. ஈர சிமென்ட், கட்டிங் ஆயில், ரப்பர் கையுறை. ஆபீஸ்காரர்களுக்கு வாட்ச் கொக்கி, பெல்ட் பக்கிள். தொப்புளுக்குக் கீழே மட்டும் சதுரமாக அரித்தால் கத்திரிக்காயை விட்டுவிட்டு பக்கிளை விசாரியுங்கள். புண் எந்த இடத்தில், என்ன உருவத்தில் இருக்கிறது என்பதிலேயே பாதித் துப்பு இருக்கிறது. அதனால்தான் டாக்டரம்மா ஆளை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தார்.

இனி பெரியவர் விஷயம்.

எங்கள் சலவைக்காரர் பழைய வண்ணாரப்பேட்டை ஆள். கம்பெனிக் காலத்தில் கப்பலேறப் போகிற துணிகளை வெளுப்பதற்காகக் குடியேறியவர்களின் பேட்டை அது. அறுபது வயதிருக்கும். கணக்கு நோட்டே கிடையாது, குறிதான் கணக்கு. முந்நூறு வீட்டுக் குறி மனதில் இருக்கும். ஸ்டான்லியிலிருந்து திரும்பியதும் சாத்தூர் வாய் சும்மா இருக்காமல் ஓனர் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டான். பண்ருட்டியைக் காப்பாற்றுகிற அவசரம். அம்மா தெருவுக்குச் சொன்னார்கள். ஆனால் தெருவில் போனது பாதிதான். ‘முந்திரி’ விட்டுப் போய்விட்டது, ‘உருஷியால்’ எப்படியும் போயிருக்காது. ‘அந்த ஆள் துணியில சொறி வருதாம்’ மட்டும் போயிற்று. ஒரு வாரத்தில் ஆறு வீடு துணி போடுவதை நிறுத்திவிட்டது.

சாத்தூரும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். எங்களுக்கு முன்பே சேதி போயிருந்தது.

“இன்னா சார், நாப்பது வருசமா குறி போடறேன். எங்கப்பா காலத்துலேந்து இதே மைதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லியே” என்றார். பிறகு தானே நிறுத்திக்கொண்டு கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் காய்ந்து வெடித்திருந்தது. “சின்னப் பையனா இருக்க சொல்ல எனக்கும் கை பொத்துக்கினு வந்துச்சு. அப்பா எண்ணெ தடவிக்கினு செய்யின்னாரு. அப்பறம் பழகிப் பூட்ச்சு. உங்களுக்கு இன்னாத்துக்கு பழகணும், சொல்லுங்க.”

பழகுவது பற்றிப் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். சில பேருக்குத் தோல் நாளடைவில் தாங்கிக்கொள்வதும் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் பரீட்சை பண்ணக் கூடாது என்றார். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அது பழக்கம் அல்ல, கவசம்.

பெண் பார்க்கிற ஞாயிறு நெருங்கியது. பண்ருட்டியின் கண் வீக்கம் வடிந்துவிட்டது, கழுத்து இன்னும் ஆறவில்லை. இரண்டு வாரம் தள்ளிப் போடலாமா என்று தாம்பரத்துக்கு போன் பேசினோம். ஏன் என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றோம். என்ன உடம்பு என்று கேட்டார்கள். பெண்ணின் தாய்மாமா, ரிட்டயர்டு தாசில்தார், புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ராயபுரத்துக்கு வந்து இறங்கினார். நேராக மாடிக்கு வந்திருக்கலாம். விசாரணை முறைப்படி கீழே ஓனர் அம்மாவிடம் ஆரம்பித்தார்.

நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். “நல்ல பையன்தாங்க. என்னமோ தோல் வியாதி. நாங்க குழாய்கூடத் தனியா...” என்று அம்மா உண்மை விளம்பிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் குடையை விரித்துவிட்டார். ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டார். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு நான் ஓடி இறங்குவதற்குள் தெருவில் பெரியவர் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். விஷயம் அவருக்கு எப்படித்தான் புரிந்ததோ. மூட்டையை நடுத்தெருவில் இறக்கிவிட்டு, தாசில்தார் எதிரில் போய் நின்றார்.

“சார், ஒரு நிமிசம். புள்ளைக்கு ஒரு வியாதியும் இல்ல சார். என் மைதான் அதுக்கு ஒத்துக்கல. நான்தான் குறி போட்டேன். இதோ பாருங்க.” மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவிக் காலரை மடித்துக் காட்டினார்.

இரண்டு பக்கத் திண்ணையிலும் ஆட்கள். ஜன்னலில் ஆட்கள். துணி போடுவதை நிறுத்திய ஆறு வீட்டில் மூன்று வீடு அந்த இடத்திலேயே இருந்தது. நிறுத்தாத வீடுகளும் இருந்தன. அவர் குரலைத் தணிக்கவே இல்லை. தாசில்தார் சட்டையை வாங்கிக் காலரைப் பார்த்தார். என் கையிலிருந்த சீட்டை வாங்கி முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, தேதி எல்லாம் பார்த்தார். பிறகு மாடிக்கு வந்து பண்ருட்டியிடம் கழுத்தைக் காட்டச் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டுக் காபி சாப்பிட்டுப் போனார்.

அடுத்த வாரத்திலிருந்து பெரியவர் நூலுக்கு மாறிவிட்டார். வீட்டுக்கு ஒரு கலர், காலர் ஓரத்தில் இரண்டு தையல். முந்நூறு வீட்டுக்குக் கலருக்கு எங்கே போவது? சிவப்பில் ஒரு முடிச்சு, சிவப்பில் இரண்டு முடிச்சு, சிவப்பும் பச்சையும் என்று புது எழுத்தே கண்டுபிடித்தார். அறுபது வயதில் ராத்திரி விளக்கில் ஊசி கோக்க பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ‘மெனக்கெட்ட வேல சார்’ என்று மட்டும் சொன்னார். ஆறு வீட்டில் நாலு வீடு திரும்பி வந்தது. இரண்டு வீடு வரவே இல்லை. ஓனர் அம்மா குழாயடி டைம்டேபிளை ரத்து செய்தார்கள், ஆனால் அறிவிப்பு எதுவும் இல்லாமல்.

1995 தை மாதம் தாம்பரத்தில் கல்யாணம். பட்டு வேட்டியைச் சலவைக்குப் போடக் கூடாது என்று எல்லோரும் சொல்லியும், மாற்று வேட்டி நாலும் பெரியவர் வெளுத்தவைதான் வேண்டும் என்று பண்ருட்டி பிடிவாதம் பிடித்தான். முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வெள்ளை வேட்டிக்கு மாறி வெளியே வந்தபோது தாசில்தார் மாமா பக்கத்தில் போனார். ஆசீர்வாதம் செய்கிற மாதிரி குனிந்து வேட்டி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். சிவப்பில் இரண்டு முடிச்சு. திருப்தியாக நிமிர்ந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.